பிளாட்பாரத்தில் ஏறிய லாரிகள்

கேம் கம்பெனியில் சேர்வதற்கு முன் கடலூர் முதுநகரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அதனால் படம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிருக்கு வேட்டு வைத்தது ஒரு ரோடு டைல்.

பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக் கடலூர் துறைமுகம் வரை லாரி ஓட்ட வேண்டும். அதுதான் கேம். மேலிருந்து பார்க்கிற பார்வை. ரோடு, பிளாட்பாரம் எல்லாமே சின்னச் சின்னச் சதுர டைல்கள். பிக்சல் பிக்சலாக நான் வரைந்தவை. பிளாட்பாரத்தில் சக்கரம் பட்டால் ஆட்டம் முடிந்தது.

முதலில் ஒவ்வொரு டைலிலும் விரிசல், ஜல்லி, எண்ணெய்க் கறை என்று போட்டுத் தள்ளியிருந்தேன். அடுக்கிப் பார்த்தால் ரோடு லுங்கி மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. முக்கால்வாசி டைலைச் சும்மா விட்டு, விரிசலை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்ததும் அது சரியானது. ரோட்டுக்கும் புழுதி படிந்த பிளாட்பாரத்துக்கும் நடுவில் கோடு போடாமல், தார் உதிர்ந்து மண்ணில் கலப்பதுபோல் புள்ளி புள்ளியாகக் கரைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் விளையாடிப் பார்த்த எல்லோரும் தோற்றார்கள். எதிரே பஸ் வந்தால் நேராகப் பிளாட்பாரத்தில் ஏறினார்கள். பணம் போட்ட கிளையன்ட் கறாராகப் பேசிவிட்டார். எங்கள் ஓனர் சலீம் என்னைவிட வயதில் சின்னவர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"அக்கா, திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும்தான் டைம். சரி வரலன்னா ரெடிமேட் டைல் வாங்கிப் போட்டுக்கச் சொல்றாங்க. அப்பறம் இங்க ஆர்டிஸ்ட் எதுக்குன்னு கேப்பாங்க."

"ஓட்டத் தெரியாதவங்கள உட்டு ஓட்டச் சொன்னா நான் என்ன பண்றது?" என்றேன். வெளியே கோபம். உள்ளே, வேலை போய்விடுமோ என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் பஸ்ஸில் போனேன். முன் சீட்டு. எதிரே லாரி வந்தது. டிரைவர் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி, லாரிக்கு வழி விட்டு, மறுபடி தாரில் ஏற்றினார். பஸ்ஸில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. தார் மண்ணில் கரைகிற ஓரத்தைக் கண்டால் வண்டியை இறக்குவது நம் ஊர் வழக்கம். அதே ஓரத்தை வரைந்து வைத்துவிட்டு, இறங்காதே என்றால் யார் கேட்பார்கள்?

திங்கள் காலை, பிளாட்பாரத்துக்குக் கறுப்பு வெள்ளை அடித்த விளிம்புக் கல் வைத்தேன். கல் மேடாகத் தெரிய ரோட்டுப் பக்கம் ஒரு பிக்சல் அளவு நிழல். பழைய ஓரத்தைத் தூக்கி எறிய மனசு வரவில்லை.

"ஊருக்கு வெளிய இத வச்சிக்கலாம் தம்பி. எறங்கினா வண்டி ஸ்லோ ஆவட்டும், ஆட்டம் முடிய வேணாம்" என்றேன். சலீம் ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் கிளையன்ட்டே வந்து உட்கார்ந்து விளையாடினார். டவுனுக்குள் எதிரே பஸ் வந்தபோது கல்லைப் பார்த்து பிரேக் பிடித்தார். வெளியே வந்ததும் மண்ணில் இறக்கி ஏற்றினார். பண்ருட்டியிலிருந்து துறைமுகம் வரை தோற்காமல் ஓட்டிப் போனார். சரக்கு இறங்கிய பிறகு, "அடுத்த லெவலும் இவுங்களே போடட்டும்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் ஒரு டைல் வரைந்தால் அழகாக இருக்கிறதா என்று நான் யாரையும் கேட்பதில்லை. "இதுல வண்டிய எறக்குவீங்களா?" என்று மட்டும்தான் கேட்கிறேன்.