கறுப்பு விளக்கு

காஜா பெராங் சாலையில் தள்ளுவண்டியில் கடலை விற்ற அந்த மனிதர் ஒல்லியானவர். காதோரம் முடி அடர்ந்திருக்கும். பொட்டலம் மடிக்கும் தாளில் படம் ஏதாவது இருந்தால், எண்ணெய் படாதபடி அதை வெளிப்பக்கமாகத் திருப்பித்தான் மடிப்பார்.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த நகராட்சித் தேர்தலில் நான் வாக்குச்சாவடியில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்கும் கிராணி. அவர் ஆதரித்த வேட்பாளருக்குக் குத்துவிளக்குச் சின்னம். அவர் வண்டியில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் பித்தளை பளபளக்க, மஞ்சள் சுடரோடு விளக்கு நிஜம் போலவே இருந்தது. வாக்குச்சீட்டிலோ சுடரும் தண்டும் சேர்ந்து ஒரே கறுப்பு உருவம்; அதன் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டால்தான் வாக்கு.

மறைப்புக்குள் போனவர் வெகுநேரம் கழித்து வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“வெளக்கு அணைஞ்சு கெடந்துச்சு கிராணி. பென்சிலால ஏத்தி வச்சிட்டேன்.”

“பெருக்கல் குறி போட்டீங்களா?”

“எரியிற வெளக்குக்குப் பக்கத்துல யாராச்சும் பெருக்கல் குறி போடுவாங்களா?”

சீட்டு பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்தவரை அழைத்தேன்.

எண்ணும்போது அது என் கைக்கே வந்தது. கறுப்பு விளக்கின் உச்சியில், கதிர்களோடு ஒரு சுடர். வேறு குறியே இல்லை. விதிப்படி செல்லாத சீட்டுகளோடு வைத்தேன்.

அவருடைய வேட்பாளர் ஜெயித்துவிட்டார். மறுநாள் என்னைக் கண்டதும் சூடாக ஒரு பொட்டலம் நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

“பாத்தீங்களா கிராணி, நான் ஏத்துன வெளக்கு வீண் போகல.”

ஆமாம் என்று தலையாட்டினேன். அதன்பிறகு வேலை முடிந்ததும் அவர் வண்டி நிற்கும் சாலையை விட்டு, தெங்கேரா வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனேன்.