ஆசிட் தொட்டிக்கு அள்ளிய மண்

தங்கச் சுரங்கம் இருந்த நந்திதுர்க்கில் எங்கள் பட்டறையில் போல்ட்டு நட்டுக்கு ஜிங்க் பூச்சு போட்டுக் கொடுத்தோம். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆனால் இரும்பை ஆசிட்டில் எவ்வளவு நேரம் முக்க வேண்டும் என்று என்னிடம் வேலை செய்த நான்கு பெண்களும் என்னைத்தான் கேட்பார்கள். சரக்கெல்லாம் ஒரே தொழிற்சாலைக்கு. பங்காருபேட்டைப் பட்டறைக்காரர் ஒருவர் எங்களுக்குப் போட்டி. அவர் விலை குறைத்தால் நானும் குறைப்பேன். கழிவைச் சுத்தம் செய்யக் காசு மிஞ்சாது. அதனால் இரண்டு பேருமே ஆசிட் தண்ணீரைக் கால்வாயில்தான் விட்டோம்.

ஒருநாள் தொழிற்சாலையில் சரக்கு வாங்கும் அதிகாரி வந்தார். எங்களோடு பல வருஷப் பழக்கம். தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு வடிகட்டி விடாவிட்டால் இனி ஆர்டர் கிடையாது, முதலில் செய்கிறவருக்கே ஆர்டர் என்றார். அவசரமாகத் தொட்டி கட்டினேன். வடிகட்ட மணல் வேண்டுமே. டம்ப் என்று நாங்கள் சொல்லும் சுரங்கத்துக் கழிவு மண் மேடு தெருவுக்குப் பின்னாலேயே இருந்தது. ஊரார் வாசலில் கொட்டுவதும் அதைத்தான். அதையே லாரியில் அள்ளிவரச் சொல்லித் தொட்டியில் நிரப்பினேன்.

மறுநாள் தண்ணீர் விடவேண்டும். பார்க்க வந்த அதிகாரி ஒரு கைப்பிடி அள்ளினார்.

“இன்னாம்மா, டம்ப் மண்ணா?”

“ஆமா சார். ஊரே அதைத்தானே போடுது.”

“சயனைடு கலந்த மண்ணும்மா. ஆசிட் பட்டா காத்தே வெஷமாயிடும். குனிஞ்சி பாக்கறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. ஒரு வாரம் தரேன், மாத்துங்க. ஆனா பங்காருபேட்டைக்காரர் இன்னிக்கே தண்ணி விடறாராம்.”

எனக்கு மண் இறக்கிய லாரிக்காரன்தான் மீதியை அவர் பட்டறைக்குக் கொண்டுபோனான். சொன்னால் அவரும் தப்பித்துவிடுவார், ஆர்டருக்கும் நிற்பார். ஒரு மூச்சு நேரம் வாயைத் திறக்கவில்லை, அதை மறைக்கமாட்டேன்.

பிறகு அதிகாரியை இழுக்காத குறையாக டெலிபோன் பூத்துக்குக் கூட்டிப் போனேன்; நம்பர் அவரிடம்தான் இருந்தது. இரண்டு தடவை மணி அடித்தே நின்றது. மூன்றாம் தடவை பட்டறைக்காரர் எடுத்தார். நானே மண் விஷயத்தைச் சொன்னேன்.

“அக்காவா? ஆர்டரைப் புடிக்க இன்னா கதை விடறீங்க?”

“கதைன்னா நீயே போய்க் குனிஞ்சி பாரு தம்பி.”

“ஆளுங்கள வெளிய வரச் சொல்றேன்க்கா,” என்றார்.

மண்ணை மாற்றி, இரண்டு தொட்டிகளும் அந்த வாரமே தேறின. அதிகாரி ஆர்டரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார். பாதி ஆர்டரில் நான்கு பெண்களுக்கும் கொடுக்க வேலை போதாது. யாரை வேலையை விட்டு நிற்கச் சொல்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.