மலைக்குப் போகாத போர்வைகள்

எங்கள் அப்பா, புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் மண் சாலையில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய வீட்டில், கூலி வேலை செய்துவந்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் குழாய் தூக்கும் ஆளாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதே வண்டிக்கு ஓட்டுநரானார். வடமாநிலங்கள் எங்கும் போர் போட்டார். அவர் போட்ட கிணறுகளில் இன்றும் யார் யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். தம்பியைப் படிக்க வைத்தார், அம்மாவைக் கைப்பிடித்தார், என்னைப் பொறியியல் வரை கொண்டுவந்து சேர்த்தார். யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை.

இதுவரை எழுதியதில் சித்தப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. இதற்குப் பிறகு நான் எழுதியதைப் படித்ததும்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"நினைவு மலர்னா மலராட்ட இருக்கோணும் கண்ணு. செத்தவிய பேர்ல எதுக்குப் பழைய கதையெல்லாம்? நல்லவரு, வல்லவருன்னு நாலு வரி எழுதி, போட்டோவப் போட்டு முடி."

"அப்பாதானுங் சித்தப்பா எழுதச் சொன்னாங்க."

"காச்சல்ல என்னமோ சொல்லியிருப்பாரு."

"அவங்களுக்குக் காச்சலே இல்லீங்க. நுரையீரல்ல கல்லுத் தூசி."

"ரெண்டும் ஒண்ணுதான் போ!"

அம்மாதான் குறுக்கே வந்தார். "அவிய சொன்னத எழுதட்டும் உடுங்க. சொல்லாததயா எழுதறா?" என்றார். சித்தப்பா கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஆகவே முதலாமாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். எங்கள் அப்பாவின் வாழ்வில் அவரே மிகவும் வெட்கப்பட்ட ஒன்றைத்தான் இனி எழுதப்போகிறேன்.

அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். எந்தக் கட்சி என்பது ஊருக்குத் தெரியும். வெளியூரார் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் இது நடந்திருக்கும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். ரிக் வண்டி ஊர் திரும்பும் மாதங்களில் அவரை வீட்டில் பார்ப்பது அரிதாம். கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடிப்பார், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஆள் பிடித்துத் தருவார், சந்தையில் நின்று வாதாடுவார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது வடக்கே பனிமலையில் எல்லைச் சண்டை வந்தது. ஊரே தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளில் கூடிக் கிடந்தது. எல்லோரையும்விட அப்பா அதிகம் துடித்தார். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு பனிக்காலத்தில் ராஜஸ்தானில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டித் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாமல் பல் கிட்டிப்போய்க் கிடந்தவர் அவர். எதிர்ச் சாலையில் ராணுவ லாரிகளில் மீசை முளைக்காத பையன்கள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். "அது மணலு. அங்கயே அப்படின்னா, மலை மேல எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கேட்டு ஊரைக் கிளப்பினார்.

வீட்டுக்கு ஒரு போர்வை. இதுதான் அப்பாவின் ஏற்பாடு. விசைத்தறிக் கூடங்களிலிருந்து நெய்து அறுத்த போர்வைகளை அவரவர் வாங்கினார்கள். ஓரம் அடிக்காத போர்வை நூல் நூலாகப் பிரிந்துவிடும் என்பதால், எங்கள் தெருப் பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து கையாலேயே ஓரம் தைத்தார்கள். அவர்களில் ஒருவர் பாவாயி பெரியம்மா. எங்களுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை, எதிர் வீடு. அவருடைய ஒரே மகன் அப்போது ராணுவத்தில் இருந்தார். மகன் இருப்பது அந்த மலையிலா, வேறெங்காவதா என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. அதனால் போர்வையின் ஒரு மூலையில் பச்சை நூலால் சின்னதாக ஒரு சேவல் தைத்தார். சிறு வயதில் மகன் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு திரிவாராம்; சோறு உண்ணும்போதும் மடியில் வைத்திருப்பாராம்.

"எங்கியாச்சும் அவன் கண்ணுல பட்டா, அம்மா போர்வைன்னு கண்டுபுடிச்சுக்குவான். போயிச் சேருமுங்களா சாமி?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"சேருமுங்க அக்கா. நானே என் கையால ஏத்தியுடறேன்" என்று அப்பா சொன்னார்.

சொன்னபடியே ஏற்றினார். நாமக்கல்லில் மேடை போட்டார்கள். கட்சியில் எங்கள் வட்டாரத்துக்குப் பெரியவராக இருந்த தலைவர் ஒருவர் வந்து, வீரம், மண், இரத்தம் என்று நெடுநேரம் முழங்கிவிட்டுப் போர்வை லாரிக்குக் கொடி அசைத்தார். கூட்டம் கை தட்டியது. அப்பாவும் தட்டினார். லாரி வடக்கே போகும் சாலையில் திரும்பியதை அவர் கண்ணால் பார்த்தார். அதற்குமேல் அவர் பார்க்கவில்லை.

சண்டை முடிந்தது. அடுத்த தேர்தல் வந்தது. அதே தலைவர் வேட்பாளர். ஒரு விடியற்காலையில் கட்சிக்காரர்கள் வந்து வீட்டுக்கு வீடு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பையின் மேல் தலைவர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு போர்வை.

அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். பாவாயி பெரியம்மா போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கோபமாக வரவில்லை, ஏதோ வழி தவறி வந்த கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்போல வந்தார் என்று அம்மா பின்னாளில் சொன்னார்.

"ஏனுங் சாமி, பக்கத்தூட்டுக்காரிக்கு வந்த பையில இது இருந்துச்சுங்க. எனக்கு வந்ததக் குடுத்து மாத்தியாந்தேன். இது என்ர போர்வையாட்ட இருக்குது. பாருங்க, சேவலு."

அப்பா பார்த்தார். பச்சைச் சேவல் அப்படியே இருந்தது. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது: லாரி எங்கே போனது, யாருடைய கிடங்கில் இத்தனை நாள் இருந்தது, எல்லாம். எதிரில் நின்றது, மகனுக்கென்று தைத்துக் கொடுத்த தாய். சுற்றிலும் இரண்டு மூன்று வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தன.

அப்பா வாயிலிருந்த வேப்பங்குச்சிச் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அது வேற போர்வைங்க அக்கா. அந்தச் சேவலு கம்பெனி மார்க்குங்க."

பெரியம்மா சேவலை ஒரு முறை தடவிப் பார்த்தார். "கம்பெனி மார்க்குங்களா. சரிங் சாமி" என்றார். போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தலைவர் வெற்றி பெற்றார்.

எங்கள் பக்கத்தில் சாமி என்று குழந்தையையும் கூப்பிடுவோம், பெரியவரையும் கூப்பிடுவோம். கொஞ்சும்போதும் சாமிதான், கும்பிடும்போதும் சாமிதான், இவனிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று விட்டுவிடும்போதும் சாமிதான். அன்று பெரியம்மா சொன்ன சாமி எது? நம்பிச் சொன்னதா, தெரிந்தே விட்டுக்கொடுத்ததா? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பா அதையே யோசித்திருக்கிறார். நேரில் போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தேர்தல் முடிந்ததும் அப்பா கிளைச் செயலாளர் பொறுப்பை விட்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. வார்டு உறுப்பினர் சீட்டுக் கிடைக்காத கோபம் என்று ஊர் பேசியது. அப்பா மறுக்கவில்லை. சீட்டு ஆசை பிடித்தவன் என்ற பேர் பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அதன் பிறகு அந்தத் தலைவர் மேல் எத்தனையோ புகார்கள், விசாரணைகள். செய்தித்தாளில் வரும்போதெல்லாம் சித்தப்பா உரக்கப் படிப்பார். "பாத்தீங்களாண்ணா, ஆத்துல அள்ளுனது, ரோட்டுல அடிச்சதுன்னு எம்மாம் பெருசா போட்டிருக்கான்!" அப்பா எழுந்து போய்க் கால் கழுவுவார். ஒரு முறை மட்டும், "சின்னதையெல்லாம் எவனும் போடமாட்டான்" என்று சொன்னதாகச் சித்தப்பாவுக்கு நினைவிருக்கிறது. அப்போது அவருக்கு அது புரியவில்லையாம்.

நான் அரசுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது, வரலாற்றுப் பாடத்தை வீடு முழுக்க நடந்துகொண்டே உரக்கப் படிப்பேன். போர்கள், உடன்படிக்கைகள், ஆண்டுகள். ஒரு நாள் அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"பனிமலைச் சண்டையப் பத்தி அதுல இருக்குதா?"

"இருக்குதுங்ப்பா. ஒரு பத்தி."

"போர்வை கீர்வைன்னு ஏதாச்சும் போட்டிருக்கா?"

"போர்வையா? அதெல்லாம் எதுக்குங்ப்பா வரலாத்துல?"

"சரி, படி சாமி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அடுத்த உடன்படிக்கைக்குப் போய்விட்டேன்.

அப்பாவின் கடைசி ஆண்டில் எல்லையில் மறுபடியும் குண்டு விழுந்தது. நாங்கள் கல்லூரி நண்பர்கள் எல்லோரும் செல்பேசியும் கையுமாக நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. வீரர்களுக்குப் பொருள் திரட்டி அனுப்புவது என்று முடிவெடுத்து, எங்கள் ஊரில் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஓடிவந்தேன். நான் வந்து சேர்ந்தபோது தொலைக்காட்சியில், போர் நிறுத்தம், போர் நிறுத்தம் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க போரு நின்னுபோச்சாம்? கல்லு மாட்டிக்கிச்சா, தண்ணி வந்துருச்சா?"

அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். "நம்ம போரு இல்ல புள்ள. துப்பாக்கிப் போரு." நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் என் திட்டத்தைச் சொன்னேன். "சண்டை நின்னாலும் அங்க இருக்கறவங்களுக்கு அனுப்பலாமுங்ப்பா. வீட்டுக்கு ஒரு போர்வை. நீங்க சொன்னா ஊரே குடுக்கும்."

அப்பாவின் முகம் மாறியதை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. என்னை உட்காரச் சொன்னார். மூச்சு விட்டு மூச்சு விட்டு, மேலே நான் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னார். அம்மாவுக்கே பாதிக்குமேல் தெரியாது.

"லாரியத் திருடுனவன் திருடன். சரி. சேவலக் கம்பெனி மார்க்குன்னவன் ஆரு? கட்சி மானம் போயிருமேன்னு சொன்னேன் சாமி. அந்தக்காவோட மானத்த நெனைக்கல. நான் போனதுக்கப்புறம் புஸ்தகம் போடுவீங்க. உத்தமன்னு எழுதிப்போடாதீங்க. இத எழுதுங்க."

"நீங்களே பெரியம்மாகிட்டச் சொல்லீறலாமுங்களே?"

"சொல்லோணும். இருமல் கொஞ்சம் அடங்குனதும் கூட்டிட்டு வா."

கூட்டிவந்தேன். ஆனால் அதற்குள் நோய் முற்றிவிட்டது. அறை முழுக்க உறவினர்கள்; மூக்கில் ஆக்சிஜன் குழாய். பெரியம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார். அப்பா குழாயை விலக்கி, "அக்கா, அந்தச் சேவலு..." என்று தொடங்கினார். இருமல் பிடித்துக்கொண்டது. "பேசாதீங் சாமி, மூச்சு வாங்குது பாருங்க" என்று பெரியம்மா அவர் நெஞ்சை நீவிவிட்டார். அப்பாவால் மறுபடி தொடங்க முடியவில்லை. சில நாட்களில் காலமானார். நான் பொருள் திரட்டும் வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். அது சரியா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையைப் பாவாயி பெரியம்மாவிடம் கொண்டுபோய் முழுவதும் படித்துக் காட்டினேன். கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும் சாமி. என்ர கையால தெச்சது எனக்குத் தெரியாதா? உன்ர அப்பன் அதச் சொல்றப்ப என்ர மொகத்தப் பாக்குல. பல்லு விளக்கற குச்சியவே பாத்துட்டு நின்னாரு. பாவமா இருந்துச்சு. வந்துட்டேன்."

"கோபம் இல்லீங்களா பெரியம்மா?"

"இல்லாம? அந்தப் போர்வைய நான் ஒரு நாளும் போத்தல. மாட்டுக்குப் போட்டேன்." ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டுச் சொன்னார்: "எழுது. என்ர பேரும் போடு. உன்ர அப்பன் பொய் சொன்னாருன்னும் போடு. ஆனா கொடி அசச்சானே, அவன் பேரு எங்க? நீ படிச்சதுல வல்லியே?"

"போடறனுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவின் நோய்க் காலத்தில் இரவு பகல் பாராமல் வந்து உதவிய செவிலியர்களுக்கும், ஆக்சிஜன் உருளையைத் தோளில் சுமந்து வந்த ரிக் வண்டித் தோழர்களுக்கும், பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், மனம் ஒப்பாவிட்டாலும் அச்சுக் கூலியைத் தானே ஏற்றுக்கொண்ட சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஆண்டு வீட்டுக்கு ஒரு போர்வை கொடுத்த எல்லோரிடமும் அப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறோம். உங்கள் போர்வைகள் மலைக்குப் போகவில்லை.

பெரியம்மா, நீங்கள் கேட்ட பெயரை எழுதித்தான் அச்சகத்துக்குக் கொடுத்தேன். சித்தப்பா எடுக்கச் சொல்லவில்லை. அச்சகத்தாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தலைவர் இப்போது அன்றைக்கு இருந்ததைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறார். எனக்கு அரசுத் தேர்வு முடிவு வர வேண்டியிருக்கிறது. பிழை திருத்தும்போது அந்தப் பெயரை நானே அடித்துவிட்டேன். இந்த மலரை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டும்போது, அவன் பேரு எங்க என்று மறுபடியும் கேட்பீர்கள்.

பயந்துவிட்டேன் பெரியம்மா.

— மகள்