தண்ணீர் கேட்காத கை

என் அண்ணி யாருக்கும் தண்ணீரைக் கையில் கொடுக்கமாட்டார். வந்தவர் முன்னால் மேசையில் டம்ளரை வைப்பார், வைத்த வேகத்தில் உள்ளே போய்விடுவார். "என்ன அண்ணி, கையில கொடுத்தா ஒட்டிக்குமா?" என்று பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். வாய்க்கு வந்ததைப் பேசிவிடுகிற ஆள் நான். பல் வைத்தியர் ஒருவரிடம் நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிவிட்டேன். அண்ணியோ கல்லுளிமங்கி. லேசாகச் சிரிப்பார், பதில் வராது.

அண்ணி ஒரு கண்ணாடிப் பாட்டில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். கம்பெனிச் செயலாளருக்குக் கீழே, கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை, இரும்பு அலமாரி, அதில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட கனத்த பதிவேடுகள். அந்த அறைக்குள் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். எள் என்றால் எண்ணெயாக நிற்பார் என்று செயலாளர் என்னிடமே புகழ்ந்தார். அலுவலகத்தில் அண்ணிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததும் அன்றுதான் தெரிந்தது: 'ஒருமனசு அம்மா'. எந்தத் தீர்மானமாக இருந்தாலும் 'ஒருமனதாக நிறைவேறியது' என்றே எழுதி எழுதி வந்த பெயர். அண்ணிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குறிப்பு என்றால் நடந்ததை எழுதுவது என்று நானும் நினைத்திருந்தேன். அங்கே நடப்பதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறி, தட்டச்சாகி, தயாராக இருக்கும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். கூட்டத்தன்று அண்ணி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, தலைவர் வாசிக்க வாசிக்க, தாளில் விரலை ஓட்டிக்கொண்டே பென்சிலால் டிக் போடுவார். சமைத்து இறக்கிவிட்டு, இன்று என்ன சமைக்கலாம் என்று வீட்டாரைக் கேட்பது மாதிரி. இதில் தப்பு இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. பங்கு வைத்திருப்பவன்தான் கம்பெனிக்குச் சொந்தக்காரன். இயக்குநர்கள் அவனுக்காக நிர்வாகம் பார்க்க வந்தவர்கள். ஆனால் தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தன் சம்பளத்தை ஏற்றிக்கொள்கிற காவலாளியை எந்த வீட்டிலாவது வைத்துக்கொள்வார்களா? வேலியே பயிரை மேய்கிறது என்று ஊரெல்லாம் புலம்பிய பிறகு, கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. இயக்குநர் சம்பளத்தைப் பங்குதாரர் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஒரே ஒருவர் மறுப்புத் தெரிவித்தாலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நேரில் வராதவர்கள் தபாலில் அனுப்பிய சீட்டுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். மறுப்பு இருந்தும் வாக்கெடுப்பு நடக்கவில்லை என்றால் அந்தத் தீர்மானம் செல்லாது, வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய கதவைச் சாத்தி வைக்க 'ஒருமனதாக' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல்லை வருடாவருடம் தட்டச்சு செய்தவர் என் அண்ணி.

கம்பெனி மூடிய பிறகு அண்ணி முழுநேரமும் வீட்டில் இருந்தார். அப்போதுதான் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. எதிர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகள் உடற்பயிற்சிக்குக் கைகளைத் தூக்கினால், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். பேருந்தில் கூட்டம் ஏறி எல்லோரும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டால் அண்ணிக்கு வியர்த்துவிடும், பாதி வழியில் இறங்கலாம் என்பார். ஒரு மத்தியானம் சமையலறையில் யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தனியாக நிற்கிறார். "நீங்களும் அதுல இருக்கீங்க ஐயா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் சொன்னேன். வேலை போன ஏக்கம், சரியாகிவிடும் என்றார் அண்ணன்.

பிறகு ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. கம்பெனியில் உலைத் தொழிலாளியாக இருந்து காலமான ஒருவரின் மகள் புகார் கொடுத்திருக்கிறார், நான்கு வருடத்துக்கு முந்தைய ஆண்டுக் கூட்டம் பற்றி வாக்குமூலம் தர வரவும் என்று இருந்தது. 'காலமான' என்ற சொல்லில் அண்ணியின் விரல் நின்றுவிட்டது. அன்று மத்தியானம்தான், துணி மடித்துக்கொண்டே, எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் நான்கு உலைகளில் இரண்டை அணைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளிகளுக்குச் சேர வேண்டியதில் பாதியைப் பங்குகளாகக் கொடுத்துக் கணக்கை முடித்திருந்தார்கள். அதே கூட்டத்தில் ஒன்பதாவது தீர்மானம், இயக்குநர்களின் சம்பளத்தை இரண்டு மடங்காக்குவது. தலைவர் அதை வாசித்து முடித்த நேரத்தில் அண்ணி நிமிர்ந்திருக்கிறார். ஏழாவது வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். உலைச் சூட்டில் வெந்து சுருங்கிய கை, விரல்கள் முழுதாக நீளவில்லை.

தலைவர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியிலேயே, "அந்தப் பெரியவருக்கு யாராவது தண்ணி கொடுங்கப்பா" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பணியாள் ஓடிப்போய் டம்ளரை நீட்டினான். பெரியவர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. வலது கை தூக்கினபடியே இருந்தது.

"எவ்வளவு நேரம் அண்ணி?"

"பத்தாவது தீர்மானம் முடியற வரைக்கும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"டிக் போட்டேன்" என்றார் அண்ணி.

அதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருக்கலாமாம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவர் மூன்றாம் மாடிக்கு வந்தார். கட்டணம் கட்டிக் கூட்டக் குறிப்பின் நகல் கேட்டார். கொடுத்தார்கள். அண்ணியின் மேசைக்கு முன்னாலேயே நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்பதாவது தீர்மானத்துக்கு வந்ததும் தாளைத் திருப்பிக் காட்டி, "அம்மா, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். கோபமே இல்லையாம் அந்தக் குரலில். உண்மையிலேயே தெரியாமல் கேட்பது போல இருந்ததாம்.

"எல்லாரும் சேர்ந்ததுதான் ஒருமனசு. நீங்களும் அதுல இருக்கீங்க ஐயான்னு சொன்னேன்" என்றார் அண்ணி. மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தார். "அவர் தலையாட்டிட்டுப் போயிட்டாரு. அப்படிச் சொல்லணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல. நானாத்தான் சொன்னேன்."

எனக்கு அண்ணிமேல் ஆத்திரம் வந்தது, அதைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயாடி நானே வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் செயலாளர் ஒரு பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது போல, அண்ணியின் உடம்பு இளைத்துவிட்டதாக முதலில் வருத்தப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். கையெழுத்து தலைவரோடது, ஆனா தயாரிச்சது நீங்க. பதிவேட்டுல பொய் எழுதினேன்னு நீங்களே சொன்னா முதல்ல யார் மேல பாயும்? ஓய்வூதியத்தை நிறுத்தி வெச்சாலும் வெப்பாங்க. ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாரும் உங்களைத் தொட மாட்டாங்க."

அவர் போன பிறகு கணக்குப் பார்த்தோம். அண்ணன் மூட்டுவலியால் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. என் சம்பளம் வாடகைக்குச் சரி. மற்றதெல்லாம் அண்ணியின் ஓய்வூதியத்தில்தான் ஓடுகிறது. அண்ணன் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"செத்துப்போனவரு வந்து சாட்சி சொல்லப்போறாரா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவனெல்லாம் நிம்மதியாத் தூங்கறான். நீ ஏன் மாட்டிக்கணும்? ஞாபகம் இல்லன்னு சொல்லிடு" என்றார்.

"அவர்தான் வந்துட்டே இருக்காரே" என்றார் அண்ணி.

அண்ணன் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்று சிரிப்பு வரவில்லை.

விசாரணைக்குத் துணையாக நான் போனேன். காலைப் பத்தரை மணி. நீண்ட மேசை, ஒரு பக்கம் ஆட்டம் கண்ட நாற்காலிகள், நடுவில் சிவப்பு விளக்கு எரிகிற ஒலிப்பதிவுக் கருவி. விசாரணை அதிகாரி என் வயதுப் பெண்மணி. மேசையின் அடுத்த கோடியில் கண்டக்டர் சீருடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் டிக்கெட் பை. அவள்தான் அந்தப் பெரியவரின் மகள். முதல் நடையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "ஒன்பதாவது தீர்மானம் ஒருமனதா நிறைவேறிச்சுன்னு இருக்கு. இது சரியாம்மா?"

ஞாபகம் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அண்ணி அந்த மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"சரியில்லம்மா" என்றார். "ஒருத்தர் மறுத்தாரு. நான் பார்த்தேன். பார்த்துட்டும் மாத்தல."

பிறகு கை, சிரிப்பு, தண்ணீர், நகல் கேட்டு வந்தது, தான் சொன்ன பதில் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அண்ணி அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

கண்டக்டர் பெண் குறுக்கே பேசக் கூடாது. ஆனாலும் கேட்டாள். "நிஜமாவே தண்ணி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்கம்மா."

அவள் டிக்கெட் பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "வீட்டுல வந்து அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. கை தூக்கினேன், தண்ணி கொடுத்தாங்க. கை தூக்கினேன், தண்ணி கொடுத்தாங்க. நகல்ல பார்த்தா ஒருமனதான்னு இருக்கு. அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நாங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மாத்திரை கொடுத்தாங்க. சாகற வரைக்கும் சாப்பிட்டாரு. நானேதான் கொடுத்தேன்."

அண்ணி வாய்விட்டு அழுதார். அந்தப் பெண் அழவில்லை, எழுந்து வந்து அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி கண்ணைத் துடைக்கும் வரை அதிகாரி பொறுத்தார். பிறகு, இந்த வாக்குமூலம் நின்றால் அந்தத் தீர்மானம் செல்லாது, அதன்படி வாங்கிய சம்பளத்தை இயக்குநர்கள் திருப்பிக் கட்ட வேண்டிவரும், அது பங்குதாரர்களுக்குப் போகும் என்றார். ஓய்வூதியம் பற்றி நான் கேட்டேன். அதற்கு உறுதி எதுவும் தர முடியாது என்றார். இருந்தாலும் எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. இனி அண்ணிக்கு அந்தப் பெரியவர் தொல்லை தரமாட்டார் என்று அற்பமாகச் சந்தோஷப்பட்டேன். எழுந்துகூட விட்டேன்.

"கடைசியா ஒரு கேள்வி" என்றார் அதிகாரி. "இருபத்திரண்டு ஆண்டுக் கூட்டத்துக்கு நீங்கதான் குறிப்பு எழுதியிருக்கீங்க. எல்லாத்துலயும் ஒருமனதான்னுதான் இருக்கு. மத்த இருபத்தோரு கூட்டத்துல யாராவது கை தூக்கினாங்களா?"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியாதும்மா."

"ஞாபகம் இல்லையா?"

"ஞாபகம் இல்லாம இல்ல. பார்க்கல" என்றார் அண்ணி. "தாள்லயே கண்ணை வெச்சிருப்பேன். அன்னிக்குப் பென்சில் முனை ஒடிஞ்சுபோச்சு. வேற பென்சில் கேக்கலாம்னுதான் நிமிர்ந்தேன். அதுக்கப்புறம் வந்த கூட்டத்துல நிமிரவே பயமா இருந்துச்சு."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அண்ணி கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து படி இறங்கும்போது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாகிவிட்டது, இனி நிம்மதியாக இருங்கள் என்றேன். அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இத்தனை நாளா ஒருத்தர்தான் வந்துட்டிருந்தாரு" என்றார். "அவர் முகமாவது எனக்குத் தெரியும்."