பதினோரு இயந்திரங்களும் ஆறிப்போன கோழியும்

வெர்னா ரோஸ்காம் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கோரம், பலூஸ் கோதுமை மேடுகளுக்கு நடுவே சரளைக்கல் சாலையில் அறுபது மைல் சுற்றி வரும் நான்காம் எண் தடம் அவளுடையது. காலை ஆறே முக்காலுக்கு எந்தக் களஞ்சியத்தின் சிவப்புச் சுவரில் முதல் வெயில் விழும், மூடுபனி எந்தப் பள்ளத்தில் கடைசிவரை படுத்துக் கிடக்கும், எந்த மேட்டின் நிழல் எதன் முதுகில் சாயும் என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே அவளுக்கு மனப்பாடம். தடத்தின் கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய கேமராவால் அந்த எட்டு நிமிடத்தில் அவள் எடுத்த படங்கள்தான் எங்கள் மருந்துக்கடைச் சுவரில் தொங்குபவை. நான் அந்தக் கடையில் மாத்திரை எண்ணுபவன். வெர்னாவின் ரத்த அழுத்த மாத்திரையும் என் கையால் போவதுதான்.

ஜூனிலும் ஆகஸ்டிலும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் படம் எடுப்பவர்கள் முக்காலியோடு வந்து இறங்குவார்கள். பாதிப் பேர் போன வருடத்துப் படம் ஒன்றைக் காட்டி, இந்த மஞ்சள் மேடு எங்கே என்று கேட்பார்கள். அங்கே போன வருடம் மஞ்சள் பூ பூக்கும் கனோலா விதைத்தவர் இந்த வருடம் பருப்பு போட்டிருப்பார். கடையில் வெர்னா இருந்தால் ரசீதின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுப்பாள்.

"அந்த மஞ்சள் இந்த வருஷம் வீடு மாறிடுச்சு. இப்படிப் போயி, வெள்ளைத் தண்ணித் தொட்டிகிட்ட இடது பக்கம் திரும்புங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடி போனா வேஸ்ட்டு."

ஓய்வு பெற்றதும், பள்ளிக்கூடம் ஏலத்தில் விட்ட ஒரு கிழட்டுப் பேருந்தை அவளே எடுத்தாள். படம் எடுப்பவர்களை ஏற்றிக்கொண்டு மேடுகளைக் காட்டுவது திட்டம். எல்லாம் தயார், ஓடெல் ரிங்ஸ்டாடின் மேட்டைத் தவிர. அந்த உச்சியில் நின்றால் நாலு திசையிலும் மேடுகள் மடிப்பு மடிப்பாகப் போகும். சாலையோரத்தில் யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம், அதற்கு வெர்னா எதற்கு? அந்த உச்சி கிடைத்தால்தான் அவள் பேருந்துக்கு அர்த்தம்.

ஓடெலுக்கு எழுபத்தேழு வயது. அவர் வாசலில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. யாரோ ஒருவன் விளைந்த கோதுமைக்குள் நடந்துபோய்ப் படம் எடுத்த தடம் அறுவடைவரை வயலில் வகிடு போலத் தெரிந்தது. இன்னொருவன் காரை அறுத்த கோதுமையின் காய்ந்த தாளின்மேல் நிறுத்தி, வண்டிச் சூட்டில் நாற்பது ஏக்கர் தீப்பிடித்து எரிந்தது. அதிலிருந்து கேமரா என்றாலே அவருக்கு ஆகாது. வெர்னா மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்றாவது தடவை நானும் கூட இருந்தேன்.

"உன்னை நம்புறேன் வெர்னா. என் பேரப்பிள்ளைங்களைப் பனியில பத்திரமா கொண்டுபோய் விட்டவ நீ. ஆனா நீ கூட்டிட்டு வர்றவனை நம்பமாட்டேன்."

"அவங்களை நான் பாத்துக்கறேன்."

"படம் எடுக்கும்போது மனுசனுக்குக் கால் எங்க இருக்குன்னு தெரியாது. உனக்கும்தான்" என்றவர் கதவைச் சாத்திவிட்டார்.

ஜூலைக் கடைசியில் தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து ஓடெலுக்கு இடுப்பு முறிந்தது. கோதுமை முற்றி, தலை சாய்ந்து நின்றது. எங்கள் பக்கத்தில் இப்படி நேர்ந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. சனிக்கிழமை காலை, தங்கள் விளைந்த வயல்களை அப்படியே விட்டுவிட்டு, பதினோரு பேர் அறுவடை இயந்திரங்களோடும் உதவியாட்களோடும் ஓடெலின் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர் மகள் சங்கிலியை அவிழ்த்தாள். இரவுச் சாப்பாட்டுப் பொறுப்பு வெர்னாவுடையது. நாற்பது பேருக்குப் பொரித்த கோழி, குளிரவைத்துச் சாப்பிடும் உருளைக்கிழங்கு சாலட், ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் வைத்துச் சுட்ட 'பை' என்ற மாவுப் பண்டம். எல்லாவற்றையும் அவள் பேருந்தில் ஏற்றினோம்.

வெர்னா வண்டியை உச்சிக்கு ஓட்டிப்போய், உழுது தரிசாக விட்ட வெறும் மண்ணில் நிறுத்தினாள். பேருந்துக்கு வெளியே ஜன்னலோரம் மேசை போட்டு வெள்ளை விரிப்பு விரித்தாள். கீழே எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி. பிறகு கேமரா பையை எடுத்து இருக்கைமேல் வைத்தாள்.

"இந்த வாசல் திறந்திருக்கிறது இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றாள்.

மணி ஆறு. இயந்திரங்கள் தெற்குச் சரிவின் அடியில் ஆளுக்கொரு மூலையில் அறுத்துக்கொண்டிருந்தன. பேருந்தில் இருந்த இருவழி ரேடியோ கரகரத்தது. பக்கத்துப் பண்ணை மெர்ல்.

"வெர்னா, கோழி எங்க? பறந்து போச்சா?"

"உச்சியில இருக்கு. சரிவை முடிச்சுட்டு வாங்க."

"கீழ கொண்டாயேன்மா."

"கீழ காஞ்ச தாளு. என் சைலன்சர் சூட்டுல பத்திக்கிச்சுன்னா ஓடெலுக்கு நீ பதில் சொல்றியா?"

"சரிவை முடிக்க ஒன்றரை மணி நேரமாகும்."

"அப்ப நல்லா பசிக்கும்."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. ஆறு மணிக்கு வெயில் தட்டையாக, வெள்ளையாக இருக்கும். ஏழரை மணிக்கு அது மேட்டின் விலாவில் படுத்துக்கொள்ளும். அறுவடைத் தூசி அப்போதுதான் பற்றிக்கொண்டது போல ஒளிரும்.

காலையிலிருந்து அடுத்தவன் வயலில் உழைப்பவர்களைப் பட்டினி போட்டவள் என்று பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் அது சீக்கிரம் போகாது. ஓடெல் காதுக்குப் போனால் சாவி என்றைக்கும் கிடையாது.

"வெர்னா, பத்து வருஷம் இதையே பேசுவாங்க."

"பேசட்டும். படத்தைப் பார்த்துட்டுப் பேசட்டும்."

ஆறே முக்காலுக்கு மெர்ல் மறுபடி கூப்பிட்டார். ஏழு மணிக்கு வேறொருவர், மரியாதை குறைந்த குரலில். வெர்னா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேருந்தின் பின்பக்க ஏணியில் ஏறினாள். அறுபதை நெருங்கும் உடம்பு. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அது வண்டியோடு பற்றவைத்த ஏணி என்பது தெரிந்தும்.

பசி தன் வேலையைச் செய்தது. மெர்லின் இயந்திரம் முதலில் மேட்டைப் பார்த்துத் திரும்பியது. அவர் முந்திக்கொண்டு பெரிய துண்டுகளை எடுத்துவிடுவார் என்று தெரிந்த மற்றவர்களும் மூலைகளை முடித்து வரிசையில் வந்து சேர்ந்தார்கள். எவரும் எவரையும் முந்த விடவில்லை. அதனால் பதினொன்றும் ஒன்றுக்கொன்று ஒரு வண்டி தூரம் பின்தங்கி, படிக்கட்டு போலச் சாய்வாக, முழுச் சரிவையும் அடைத்துக்கொண்டு ஏறின. பின்னால் பொன் நிறத் தூசி எழுந்து மேடுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கடைசிக் கோதுமை அவற்றின் முன்னால் சுருங்கிக்கொண்டே வந்தது. மணி ஏழு இருபத்தெட்டு.

மேலே கேமராவின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கோழியை எடு" என்றாள் வெர்னா.

மெர்ல் முதல் துண்டைக் கடித்தார்.

"இது கோழியா, கோழியோட ஞாபகமா?"

"சாலட் வெயில்ல சூடாயிடுச்சு, அதைச் சாப்பிடு" என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் ஒரு துண்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, கையகலத்துக்கு நாலு மடங்காக அச்சிட்ட படத்தோடு ஓடெல் இருந்த மருத்துவமனைக்குப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலால் ஒவ்வொரு இயந்திரமாகத் தொட்டு, உரிமையாளர் பெயரைச் சொன்னார். பதினோரு பெயர். ஒன்றில்கூடத் தவறவில்லை.

"எங்க நின்னு எடுத்த?"

"உங்க உச்சியில. பஸ் கூரைமேல."

"கோதுமையில கால் வெச்சியா?"

"படத்துல பாருங்க."

அவர் படத்தை மூக்கருகே கொண்டுபோய்த் தேடினார். நிற்கும் பயிரில் ஒரு தடம் இல்லை.

"மெர்ல் பொறந்ததுல இருந்து இவ்வளவு நேரா ஓட்டினதில்ல. அவன்கிட்ட என்ன சொன்ன?"

வெர்னா என்னைப் பார்த்தாள். பிறகு அவரையே நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணும் சொல்லல. சாப்பாடு போடல. வெளிச்சத்துக்காக ஒன்றரை மணி நேரம் காக்க வெச்சேன்."

நான் தரையைப் பார்த்தேன். ஓடெலின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சிரிக்க வைக்காதம்மா, இடுப்புல ஆணி அடிச்சிருக்கான்" என்று படத்தை மார்பில் வைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும், "ஐம்பத்தஞ்சு வருஷம் அதுக்குள்ளேயே கிடந்தேன். வெளிய இருந்து இப்படித் தெரியும்னு தெரியாது" என்றார். "பூட்டுச் சாவி என் டிரக்குல, சாம்பல் தட்டுல கிடக்கு. எடுத்துக்க. உழுத மண்ணைத் தாண்டி ஒருத்தன் கால் வெச்சாலும் திருப்பி வாங்கிப்பேன்."

அந்தப் படம் செப்டம்பரில் மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசான நீல நாடா வாங்கியது. மெர்ல் தன் பிரதியைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறார், பட்டினி கிடந்ததற்குச் சாட்சியாம்.

அடுத்த வருடம் ஜூனில் முதல் பயணம். பதினாறு இருக்கையும் நிறைந்தது. வாசலருகே ஓடெல் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். வெர்னா பூட்டைத் திறந்ததும், யாரும் கூப்பிடாமலே ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். உச்சியில் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, ஊன்றுகோலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்னோடது. இந்தப் பக்கம் வெர்னாவோடது."

ஒசாகாவிலிருந்து வந்த ஒரு பெண், மேடுகளுக்கு முதுகைக் காட்டி, கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். ஓடெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் வெர்னா. "மேகம் விலகட்டும்."