பத்து மணி மாத்திரை

அன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினான்கு பேர், என்னையும் சேர்த்து. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போக நின்ற ஆண்கள் நான்கு பேர். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். கங்காணி. பேர் எழுதும் கணக்கப்பிள்ளை. படியின் மேல் நின்ற வெளிக்கள உத்தியோகத்தர். அவரை நாங்கள் ஐயா என்போம். மொத்தம் இருபத்தொரு பேர்.

எண்ணி எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் என் சம்பளத்துக்கு நான் சாட்சி கேட்டுப் போனபோது பாதிப் பேர், "அன்னைக்கு நான் அங்க இல்லையே" என்றார்கள். இருந்தார்கள். கூட்டத்தில் போய் நின்றதும், விழுந்தால் யார் பிடிப்பார்கள், தலை எந்தக் கல்லில் அடிக்கும் என்று பார்த்துக்கொள்வது என் பழக்கம். பயந்தவள் கணக்கு தப்பாது.

மணி ஆறே முக்கால் இருக்கும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பேர் வருவதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது தலை என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவளின் மடியில் இருந்தது. வாயெல்லாம் இரத்த ருசி. பாவாடை நனைந்திருந்தது. கங்காணி யாருக்கோ விளக்கம் சொல்வதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாருங்கய்யா. மலையில ஒரு நாளாச்சும் விழுந்துருக்கா? கொழுந்து நிறுக்கையில விழுந்துருக்கா? பனி கொட்டுற நேரம், பெரட்டுல மட்டுந்தான் இதுக்கு வலிப்பு வரும். வெயில் வந்தா சொகமாயிரும்."

ஆண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னை மடியில் வைத்திருந்தவள்தான் வாய் திறந்தாள். "நடிப்புதானே கங்காணி? எங்க, நீங்க ஒருக்கா இந்த மாதிரி நாக்கக் கடிச்சுக் காட்டுங்க பாப்பம்."

"ஒனக்கென்ன புள்ள, நீ ஒரு பக்கம் வாயாடு" என்றார் அவர்.

ஐயா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "இதோட ஒம்பது நாள். இனிமே டொக்டர் கடுதாசி கொண்டாந்தாத்தான் பேர். இல்லாட்டி வெட்டிருவேன்" என்று மட்டும் சொன்னார்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அந்த ஒன்பது நாளும் எனக்குப் பேர் விழவில்லை. பேர் வெட்டுவதென்றால் பேர் எழுதும் கொப்பியிலிருந்தே எடுத்துவிடுவது. அதற்குப் பிறகு நான் இந்தத் தோட்டத்தில் தொழிலாளி இல்லை, ஒருவனுடைய பெண்சாதி, அவ்வளவுதான். பெரிய மகள் பள்ளிக்கூடம் போவது என் சம்பளத்தில். அன்று காலை என் மேல் விழுந்த கத்தி அதுதான்.

கங்காணி சொன்னதில் ஒரு பங்கு உண்மை என்பது எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. நான் விழுந்ததெல்லாம் விடியற்காலையில்தான். மலையில் விழுந்ததில்லை. லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் படுத்துக்கொண்டு நானே என்னைக் கேட்டேன்: நடிக்கிறேனோ? எனக்கே தெரியாமல் வேலைக்குப் பயந்து விழுகிறேனோ? வலிப்பு வந்தவளுக்கு நடுவில் நடந்தது எதுவும் நினைவிருக்காது. ஊரே பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. பிறகு எதை வைத்து வழக்காடுவது?

வகுப்பில் விழுந்ததால்தான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பக்கத்தில் உட்கார மற்றப் பிள்ளைகள் பயந்தார்கள். என்னைவிட அம்மா பயந்தாள். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் இங்கிலீசில், எறும்பு எழுத்தில் இருந்தது. அந்த மாத்திரையைக் குடிக்கத் தொடங்கி ஒரு வருசம் ஆகியிருந்தது. பேர் வல்ப்ரோயேட். அந்தப் பேரை நாக்கு தடுக்காமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதற்கும் ஒரு பேச்சு வந்தது. கங்காணியின் மச்சான் லுணுகலையில் இருக்கிறார். சில மாதம் தூங்காமல் ஓடியாடி ஊரெல்லாம் சாமான் வாங்குவார், சில மாதம் போர்வையை விட்டு வெளியே வரமாட்டார். அவருக்கும் இதே மாத்திரைதான். என் இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையைக் கங்காணி அடையாளம் கண்டுகொண்டார். "அது பைத்தியத்துக்குக் குடுக்குறது" என்று அந்திக் கொழுந்து நிறுவையில் எல்லாரும் கேட்கச் சொன்னார். காலையில் நடிப்புக்காரி, அந்தியில் பைத்தியக்காரி. இரண்டும் ஒருத்தி எப்படி ஆவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர், "ரெண்டு நாளைக்கு நிப்பாட்டிப் பாப்பமா? அந்த மாத்திரையே உன்ன விழுத்துதோ என்னமோ" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நான் மாட்டேன் என்றேன். துணிச்சலில் சொல்லவில்லை, நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் சொன்னேன். இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுக்கடுக்காக வந்து ஆளையே கொண்டுபோகலாம் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பயம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ.

அடுத்த கிளினிக் நாளில் மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினேன். கிளினிக் வாங்குப் பலகையில் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருந்தார். பண்டாரவளையில் புடவைக் கடையாம். நான் அட்டையைக் கையில் வைத்து எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அல்லாவே, இது நான் குடிக்கிற மருந்தெல்லவா" என்றார்.

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "ஒங்களுக்கும் பைத்தியமாங்க?"

கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கோபிக்கவில்லை. "புடவக் கடேல நாள் முழுக்க நிண்டு பாருங்க புள்ள, அதுவும் வரும்" என்று சிரித்தார். "எனக்கு ஒத்தத் தலவலி. கண்ணுக்குள்ள மின்னி மின்னி, கொமட்டி, சத்தி வந்து, ரெண்டு நாள் கதவச் சாத்திக்கொண்டு கெடப்பேன். அது வராம ஈக்கத்தான் இது. ஒங்களுக்கு என்னத்துக்கு?"

"வலிப்புக்கு."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கடையில சாமான்" என்றார். ஒரு வருசமாக இடுப்பில் ஒளித்த அட்டையை அதற்குப் பிறகு நான் மடியில் எல்லாரும் பார்க்க வைத்துக்கொண்டேன்.

டொக்டர் இளம் பெண், சிங்களம். பேச்சை மாற்றிச் சொன்ன தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், தமிழ். முதல் கேள்வி பிள்ளையைப் பற்றி. "இன்னும் புள்ள பெத்துக்கிற எண்ணம் இருக்கா? இது வயித்துப் புள்ளைக்கு ஆகாது. அப்படி இருந்தா முன்னுக்கே சொல்லணும், வேற மருந்து பாக்கணும்."

"ரெண்டோட ஆப்பரேசன் பண்ணியாச்சு மிஸ்."

வந்த நேரம் கேட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். கேட்க நினைத்ததையெல்லாம் பிள்ளையின் பழைய கொப்பித் தாளில் எழுதி வந்திருந்தேன். இது பைத்திய மாத்திரையா? முடி ஏன் கொட்டுகிறது? கை ஏன் நடுங்குகிறது? ஈரல் கெடுமா? கடித்துத் தின்னலாமா? டொக்டர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். மூளைக்குள் நரம்பெல்லாம் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால் வலிப்பு. அந்தக் கூச்சலை இந்த மருந்து அடக்கும். மனம் ஏறி இறங்குகிறவர்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் அதே மருந்து வேறு வேறு அளவில் உதவும். முடியும் நடுக்கமும் மருந்தால் வரலாம். ஈரலுக்கு இரத்தம் பார்ப்போம். கண் மஞ்சளாகி ஓயாமல் சத்தி வந்தால் உடனே வரவேண்டும். உடைக்காமல், கடிக்காமல் முழுசாக விழுங்கவேண்டும்.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "கீயட்டத கன்னே?" அந்த அளவு சிங்களம் எனக்கே விளங்கும்: எத்தனை மணிக்குக் குடிக்கிறாய்?

"பத்து மணிக்கு ஒன்னு. நாலரைக்கு ஒன்னு."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

மிஸ்ஸிதான் எனக்கு முன்னால் டொக்டருக்கு விளக்கினாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை. மருந்து போட்டுத் தரும் உறையில் சாப்பாட்டுக்குப் பிறகு காலை ஒன்று, மாலை ஒன்று என்று எழுதியிருந்தார்கள். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் எங்களுக்குப் பால் இல்லாத சாயத்தண்ணி மட்டுந்தான். ரொட்டியைச் சாப்பிடுவது மலையில், முதல் நிறுவை முடிந்து பத்து மணிக்கு. அந்தி நிறுவையில் மிச்ச ரொட்டி. இராச்சோறு எந்த நேரம் ஆகுமோ, அதற்குள் தூங்கிப்போவேனோ என்ற பயத்தில் அந்த ரொட்டியோடேயே இரண்டாவது மாத்திரையையும் போட்டுக்கொள்வேன். ஒரு நாளும் தவறியதில்லை. தராசுச் சத்தம் கேட்டால் கை தானாக இடுப்புக்குப் போகும்.

"எங்கம்மாவும் பிரசர் மாத்திரைய இப்படித்தான் தராசு பாத்து முழுங்குச்சு" என்றாள் மிஸ்ஸி.

டொக்டர் ஒரு வட்டம் போட்டு முள் வரைந்து காட்டினார். பத்திலிருந்து நாலரைக்கு ஆறரை மணித்தியாலம். நாலரையிலிருந்து மறுநாள் பத்துக்குப் பதினேழரை. பெரட்டில் குளிரில் நிற்கும்போது என் உடம்பில் மருந்து இறங்கிப் போயிருக்கும். மலையில் நான் விழாததற்குக் காரணம் வெயில் இல்லை. பத்து மணி மாத்திரை.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன். என் முட்டாள்தனம் என்றுதான் முதலில் அழுதேன். கொஞ்ச நேரத்தில் அது எனக்கே பிடிக்கவில்லை. ஒரு வேளை தவறாமல், எழுதிய சொல்லை மீறாமல் குடித்தவள் நான். ஒன்பது நாள் நான் விழுவதைப் பார்த்தவர்களில் ஒருவராவது, "எந்நேரம் மருந்து குடிக்கிற?" என்று கேட்டிருந்தால் போதும். நடிப்பு என்று சொல்ல எல்லாருக்கும் நேரம் இருந்தது.

திரும்ப உள்ளே போனேன். "கடுதாசியத் தமிழ்லயும் எழுதித் தரணும் மிஸ். இங்கிலீசில இருந்தா அவங்களுக்குப் புடிச்ச மாதிரி எனக்கு வாசிச்சுக் காட்டுவாங்க." டொக்டர் எழுதியதற்குக் கீழே மிஸ்ஸி தமிழில் எழுத, டொக்டர் அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

மறுநாள் பெரட்டில் கடுதாசியை ஐயாவிடம் கொடுக்கவில்லை. நானே வாசித்தேன், எழுத்துக்கூட்டி அல்ல, சத்தமாக. இது நடிப்பல்ல, வலிப்பு நோய். மருந்து நேரம் மாற்றப்பட்டுள்ளது. வேலை செய்யலாம், செங்குத்தான மலையிலும் தனியாகவும் விடவேண்டாம்.

"அப்ப அது பைத்திய மாத்திரை இல்லேங்கிற?" என்றார் கங்காணி.

"ஒங்க மச்சான் குடிக்கிற அதே மாத்திரைதான் கங்காணி. அவருக்கு மனசுக்கு, எனக்கு வலிப்புக்கு, பண்டாரவளையில ஒரு மொதலாளியம்மாவுக்குத் தலவலிக்கு. மருந்து குடிக்கிறதுல அவருக்கும் வெக்கமில்ல, எனக்கும் இல்ல. அவரையும் பைத்தியம்னு சொல்லாதீங்க."

கணக்கப்பிள்ளை என் பேரை எழுதினார்.

இப்போது காலை ஆறு மணிக்கு இரண்டு பிஸ்கட்டோடு ஒன்று, அந்தி ஆறுக்கு ஒன்று. போனில் மணி வைத்திருக்கிறேன். அது அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டு, அடிக்குமோ அடிக்காதோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முடி இன்னும் கொட்டுகிறது. ஈரலை நினைத்தால் தூக்கம் வராது. ஆனால் பெரட்டில் அதன் பிறகு விழவில்லை. ஒரே ஒரு முறை கடும் காய்ச்சலில் வீட்டில் வந்தது.

அந்த ஒன்பது நாளை நான் விடவில்லை. "போன மாசக் கணக்கு, மூடியாச்சு" என்றார் ஐயா. "நேரம் பாக்காமக் குடிச்சது நீதானே, தோட்டம் என்ன செய்யும்?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி என்று என் வீட்டுக்காரரே சொன்னார். நான் யோசித்தேன். ஒன்பதில் மூன்று நாள் என்னால் எழும்பவே முடியவில்லை. அதை நான் கேட்கவில்லை. மிச்ச ஆறு நாள் எட்டு மணிக்குள் எழும்பி, முகம் கழுவி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றேன். "நடிச்சது போதும், வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பியது அவர்கள். நோய்க்கு நான் சம்பளம் கேட்கவில்லை. வேலைக்கு நின்றதற்குக் கேட்கிறேன்.

தொழிற்சங்கத் தலைவர், "இதுக்குப் போய் தோட்டத் தொரையப் பகைச்சுக்கணுமா தங்கச்சி?" என்றார். பகைத்துக்கொள்ளப் பயம்தான். இருந்தும் ஒவ்வொரு சம்பள நாளும் கையெழுத்துப் போடுவதற்கு முன், பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, கணக்கப்பிள்ளையிடம் அந்த ஆறு நாள் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் பேனையைத் தொடுகிறேன். நேற்றும் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆறு பேர். எட்டாயிரத்து நூறு ரூபாய்.