காலிக் கட்டம்

பெரியவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை அவளுடையது. நாளைக்கு நானூறு சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு நூல் பிசிறினாலும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தையல்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பூதக்கண்ணாடி’.

அன்று அவள் விடுப்பு எடுத்ததே தங்கைக்காகத்தான். வேலைத் தேர்வுக்காக ஒரு மாதிரி ஆப் செய்திருந்தாள் சின்னவள். பத்துப் பொருட்கள் கொண்ட பொய்க் கடை. அந்த ஆப் யார் போனில் கிராஷ் ஆகி மூடிக்கொண்டாலும், எதை அழுத்தும்போது அப்படி ஆனது என்கிற விவரம் உடனே அவள் லேப்டாப்புக்கு வந்துவிடும். அதைக் காட்டவென்றே, அழுத்தினால் கிராஷ் ஆகும்படி ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்திருந்தாள். மூன்று மணிக்குக் கம்பெனிக்காரர் வீடியோவில் பார்ப்பார். பிடித்தால் வேலை.

“உன் போன்லயும் போட்டிருக்கேன், பாருக்கா. செவப்பு பட்டனை மட்டும் தொட்டுடாத.”

பெரியவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எண்ணிக்கைக் கட்டத்தில் 1 என்று இருந்தது. அதை அழித்துவிட்டு, எதுவும் எழுதாமல் ‘வாங்கு’ என்பதை அழுத்தினாள். சட்டைகளோடு தரும் தாளில் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டு நீட்டுகிற தையல்காரர்களைத் தினமும் பார்ப்பவள் ஆயிற்றே.

ஆப் மறைந்துபோனது. மணி இரண்டேகால். போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“ம்... அழகா இருக்கு.”

சின்னவள் லேப்டாப்பைப் பார்த்தபடியே சிரித்தாள். “அழகா இருக்கா? எண்ணிக்கையை அழிச்சுட்டு ‘வாங்கு’ அழுத்தியிருக்க. ஆப் மூடிக்கிச்சு. மூணு நிமிஷம் ஆச்சு.”

“அடிப்பாவி! அதுக்குள்ள கோள் சொல்லிடுச்சா?”

“கோள் சொல்லத்தானே வச்சிருக்கேன்!”

“நான்தான் கெடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன்டி.”

“ஊரான் சட்டைன்னா நூலுக்கு நூல் குத்தம் கண்டுபிடிப்ப. தங்கச்சி செஞ்சதுன்னா கண்ணை மூடிக்குவியா?”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, கேட்டுக்கோ. மூணாவது சாமானோட பேர் பாதிதான் தெரியுது. வெளியே போய்ட்டுத் திரும்பி வந்தா, கூடையில போட்டதைக் காணோம்.”

மூன்று மணிக்குள் காலிக் கட்டத்தை மட்டும்தான் சரிசெய்ய முடிந்தது.

சிவப்புப் பொத்தானைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “இது நீங்களே தள்ளிவிட்டு நீங்களே தூக்கறது. நிஜமா விழுந்தது ஏதாவது இருக்கா?”

சின்னவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு இரண்டேகால் மணித் தகவலைத் திறந்து காட்டினாள். என்ன நடந்தது, எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். இன்னும் சரிசெய்யாத இரண்டையும் மறைக்கவில்லை.

“யார் கண்டுபிடிச்சது?”

“எங்க அக்கா. செக்கிங்ல இருக்காங்க.”

“எந்தக் கம்பெனியில?”

“சட்டைக் கம்பெனியில சார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேமராவில் படாமல் கதவோரம் நின்ற பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“திங்கட்கிழமை வந்துடுங்க. மூணு மாசம் பார்ப்போம்.”

லேப்டாப்பை மூடியதும் சின்னவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“அந்த ரெண்டையும் எப்ப சரி பண்ணப் போற?”

“அதான் வேலை கெடச்சிடுச்சேக்கா!”

“கெடச்சா? உக்காரு. திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு.”